வாடகையே டியூ கட்டுமா?

(இரண்டாம் ஆண்டு, சிவில்)

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்றார்கள் நம் பெரியவர்கள். இந்தக் காலத்தில் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. "வாடகைக்கு விட்டுப்பார்!"

நண்பர்களே! நம்மில் பலர் இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் வேலைக்குப் போய்விடுவோம். சம்பளம் வர ஆரம்பித்ததும் யாராவது ஒருவர் வந்து சொல்வார்: "ஒரு வீடு வாங்கிப் போடுப்பா. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். வாடகையே டியூ கட்டிடும்!" இந்த வாக்கியம் எங்கள் வீட்டுக்குப் போன வருஷம் வந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஊரில் இருந்த நிலத்தைப் பங்கு பிரித்து விற்றதில் அப்பாவுக்கு 11 லட்சம் ரூபாய் கிடைத்தது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். நாங்கள் முத்தாபுதுப்பேட்டையில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். பணம் வந்த சேதி எப்படித்தான் தெரிந்ததோ, ஒரு புரோக்கர் வந்துவிட்டார். ஆவடிப் பக்கம் ஒரு பழைய பிளாட், ஒரு படுக்கையறை, 550 சதுரஅடி, விலை 28 லட்சம். "பேங்க் லோன் 20 லட்சம் நான் வாங்கித் தர்றேன் சார். வாடகைக்கு விட்டுடுங்க. வாடகையே டியூ கட்டிடும்" என்றார். அப்பா தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் வட்டிக் கணக்குப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அன்று இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அந்தக் கணக்கைத்தான் உங்களுக்கும் போட்டுக் காட்டப் போகிறேன்.

கையில் நிற்பது எவ்வளவு?

வாடகை வேறு, வருமானம் வேறு. வாடகை என்பது குடித்தனக்காரர் கொடுப்பது. வருமானம் என்பது எல்லாச் செலவும், கடன் தவணையும் போய் நம் கையில் நிற்பது. இதைத்தான் வணிகம் படித்தவர்கள் 'பாசிட்டிவ் கேஷ் ஃப்ளோ' என்கிறார்கள். மாதக் கடைசியில் கையில் ஒரு ரூபாய் மிஞ்சினாலும் பாசிட்டிவ். நம் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாய் போட வேண்டி வந்தாலும் நெகட்டிவ். அவ்வளவுதான் விஷயம்.

அந்த பிளாட்டுக்கு என்ன வாடகை வரும் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். 8,500 ரூபாய் என்றார்கள். அதிலிருந்து போகிறவை:

பராமரிப்புக் கட்டணம் (பொது மோட்டார், லைட், வாட்ச்மேன்) - ரூ. 1,000
வருஷத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் மாதக் கணக்கில் - ரூ. 700
பெயிண்ட், குழாய், ஒயரிங் ரிப்பேர் - ரூ. 500
வீட்டு வரி - ரூ. 200

மொத்தம் 2,400. மிச்சம் 6,100 ரூபாய்.

இப்போது டியூவுக்கு வருவோம். 9 சதவீத வட்டி, 20 வருஷத் தவணை என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் 900 ரூபாய் வரும். 20 லட்சத்துக்கு 18,000 ரூபாய்.

வருவது 6,100. போவது 18,000. துண்டு விழுவது மாதம் 11,900 ரூபாய்! வருஷத்துக்கு 1,42,800. இது எங்கிருந்து வரும்? அப்பாவின் லேத்திலிருந்தும் அம்மாவின் தையல் மெஷினிலிருந்தும்தான் வர வேண்டும். என் தங்கை அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிறாள். அவள் காலேஜ் ஃபீஸ் இந்த 11,900-க்குள் போய்விடும்.

"வாடகை வருஷா வருஷம் ஏறுமே?" என்று கேட்பீர்கள். அப்பாவும் அதைத்தான் கேட்டார். சரி, வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது, செலவும் அதே வேகத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். 6,100 ரூபாய் 18,000 ஆவதற்கு 22 வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடனோ 20 வருஷத்தில் முடிந்துவிடுகிறது! அதாவது, கடன் இருக்கும் வரை ஒரு மாதம்கூட வாடகை டியூ கட்டாது.

தொள்ளாயிரம் கணக்கு

இதை யாரும் எளிதாகப் போடலாம். செலவு போக நிற்கும் வாடகையை 900-ஆல் வகுக்க வேண்டும். வருகிற எண்தான் அந்த வீடு தாங்கக்கூடிய கடன், லட்சத்தில். 6,100-ஐ 900-ஆல் வகுத்தால் 6.78. எனவே அந்த பிளாட் 6.78 லட்சம் கடனைத்தான் தாங்கும். புரோக்கர் அதன் தலையில் 20 லட்சத்தை ஏற்றப் பார்த்தார். வட்டி 8 சதவீதமாக இருந்தால் 900-க்குப் பதில் 836. 10 சதவீதம் என்றால் 965. மற்றபடி முறை ஒன்றுதான்.

"அப்படியானால் கைப்பணம் அதிகம் போட்டால் பாசிட்டிவ் ஆகிவிடுமே?" ஆகும். ஆனால் அதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. விலை 28 லட்சம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2.52 லட்சம். மொத்தம் 30.52 லட்சம். கடன் 6.78 போக, கையிலிருந்து 23.74 லட்சம் போட வேண்டும். போட்டாலும் மாதக் கடைசியில் மிஞ்சுவது பூஜ்யம்! அதே பணத்தை பேங்க் டெபாசிட்டில் 6.5 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் 12,800 ரூபாய்க்கு மேல் வட்டி வரும்.

அமெரிக்காவில் வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. மாத வாடகை, வீட்டு விலையில் 1 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். அந்தக் கணக்குப்படி 28 லட்சம் வீட்டுக்கு 28,000 ரூபாய் வாடகை வர வேண்டும். நமக்கு வருவது 8,500, அதாவது 0.3 சதவீதம். அவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு ஆவடியில் வீடு தேடினால் ஏமாந்துதான் போவோம்.

ஹவுஸ் ஓனர் தாத்தாவின் நோட்டு

அப்படியென்றால் வாடகைக்கு விட்டு யாருமே பிழைக்கவில்லையா? எங்கள் ஹவுஸ் ஓனரே பிழைக்கிறாரே! தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். முன்பக்கம் அவர் வீடு, பின்பக்கம் இரண்டு போர்ஷன். ஒன்றில் நாங்கள். ஒருநாள் தயங்கித் தயங்கி அவரிடமே கேட்டேன்.

"தாத்தா, நீங்க தப்பா நினைக்கலன்னா ஒண்ணு கேக்கட்டுமா? எங்க வாடகையில உங்களுக்கு எவ்வளவு நிக்குது?"

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் ஒரு மளிகைக்கடை நோட்டை எடுத்து வந்தார். "பாரு தம்பி, ஒளிக்க என்ன இருக்கு" என்றார்.

ஒவ்வொரு போர்ஷனும் 350 சதுரஅடி. இரண்டும் சேர்ந்து 700. சதுரஅடிக்கு 2,300 வீதம் 16.10 லட்சம். செப்டிக் டேங்க், ஈ.பி. இணைப்பு, பிளான் அனுமதி என்று இன்னொரு 1.40 லட்சம். ஆக 17.50 லட்சம். இதில் 7.50 லட்சம் அவருடைய பணம். 10 லட்சம் மகன் பேரில் பேங்க் கடன்; தவணை 9,000 ரூபாய்.

வாடகை இரண்டுக்கும் சேர்த்து 13,000. காலி மாதம், ரிப்பேர், வரி, தண்ணீர் மோட்டார், செப்டிக் டேங்க் லாரி எல்லாம் போக 10,000 நிற்கிறது. டியூ 9,000 கட்டி, மாதம் 1,000 ரூபாய் மிச்சம். பாசிட்டிவ்! தொகை சிறிதுதான். ஆனால் பையிலிருந்து எடுத்துப் போட வேண்டியதில்லை. கடனும் குறைந்துகொண்டே வருகிறது. நாங்கள் மாதா மாதம் கொடுக்கும் 6,500 ரூபாய் எங்கே போகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு தாத்தா ஒரு வார்த்தை சொன்னார். "இதுல மனை விலைய நான் எழுதல, கவனிச்சியா? நான் வாங்கினப்ப ஆயிரக்கணக்குல வாங்கின மனை. இன்னிக்கு வாங்கியிருந்தா தலையில துண்டுதான்."

வீட்டுக்கு வந்து அதையும் போட்டுப் பார்த்தேன். போர்ஷன்கள் இருக்கும் பின்பக்கம் அரை கிரவுண்டு, 1,200 சதுரஅடி. இன்றைக்குச் சதுரஅடி 3,000 என்று வைத்தால் மனை மட்டும் 36 லட்சம். கட்டடத்தோடு 53.50 லட்சம். வருஷத்துக்கு நிற்கும் வாடகை 1.20 லட்சம். கட்டடச் செலவை மட்டும் எடுத்துக்கொண்டால் வருமானம் 6.9 சதவீதம். மனையையும் சேர்த்தால் 2.2 சதவீதம்! அதே வீடு, அதே வாடகை, அதே நாங்கள்தான்.

வாடகை கட்டடத்துக்குத்தான்

இதில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. குடித்தனக்காரர் வாடகை கொடுப்பது இன்றைக்குக் கிடைக்கும் வசதிக்கு: ஒரு ரூம், ஒரு சமையலறை, தண்ணீர், பாத்ரூம், வேலைக்குப் போகும் தூரம். மனை விலையோ நாளைக்கு வரப்போவதை நினைத்து ஏறுகிறது.

எங்கள் பக்கத்தையே பாருங்கள். ஒரு பக்கம் விமானப்படை நிலையம். ஆவடியில் 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை. நிரந்தர ஊழியர் பலருக்கு குவார்ட்டர்ஸ் உண்டு. வெளியே வீடு தேடுகிறவர்கள் யார்? கான்ட்ராக்ட் தொழிலாளிகள், அப்ரன்டிஸ் பையன்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள், எஸ்டேட்டுக்குப் போகிற எங்களைப் போன்ற குடும்பங்கள். வாடகையை முடிவு செய்வது இவர்கள் சம்பளம்தான்.

2019-இல் ஆவடி மாநகராட்சி ஆனது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்தார்கள். வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் இந்தப் பக்கமாகத்தான் போகிறது. புரோக்கர் இந்த மூன்றையும் மூச்சுவிடாமல் சொன்னார். எல்லாம் உண்மைதான். ஆனால் அவை மனை விலைக்குள் உடனே புகுந்துகொள்கின்றன. எங்கள் அப்பாவின் சம்பளத்துக்குள் புக வருஷக்கணக்காகும். சம்பளம் ஏறாமல் வாடகை எப்படி ஏறும்? விலை ஏறும் என்பது நம்பிக்கை. டியூ தேதி மாதா மாதம் வரும் நிஜம்.

எனவே பாசிட்டிவ் வீடு தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் குடும்பத்தின் கொல்லையை! அப்பாவோ மாமாவோ எப்போதோ வாங்கிப்போட்ட மனையில் காலி இடம் இருந்தால், அங்கே கட்டும் சிறிய போர்ஷன்தான் கணக்குக்கு ஒத்துவரும். ஒரு பெரிய வீட்டைவிட இரண்டு சிறிய வீடு மேல். ஒன்று காலியானாலும் மற்றதில் பாதி வாடகை வந்துகொண்டிருக்கும். வரியிலும் வித்தியாசம் உண்டு. 2022-இல் தமிழக அரசு சொத்து வரியைக் கூட்டியபோது, ஆவடி போன்ற மாநகராட்சிகளில் 600 சதுரஅடிக்குள் இருந்த வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,800-க்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதமும் கூடியது.

சிவில் மாணவன் கண்ணால் பார்க்க வேண்டியவை

தண்ணீர்: போர் எத்தனை அடி, கோடையில் வருகிறதா, குடிக்க முடியுமா? லாரித் தண்ணீர் வாங்க ஆரம்பித்தால் நோட்டில் மிச்சமான 1,000 ரூபாய் முதல் வாரத்திலேயே கரைந்துவிடும்.

வெள்ளம்: 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று டீக்கடையில் கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்காதீர்கள். சுவரில் ஓதக் கறை இருந்தால் அதுவே பதில் சொல்லிவிடும்.

பேப்பர்: பட்டா, மூலப்பத்திரம், 30 வருஷத்து வில்லங்கச் சான்று. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதன் பிறகு 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. மனை அதில் வரன்முறை ஆனதா என்று பார்க்க வேண்டும்.

அனுமதி: 2,500 சதுரஅடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுரஅடி வரை கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. நாம் கட்டப்போவது அதில் அடங்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விமானப்படை, ராணுவ இடங்களுக்குப் பக்கத்தில் என்றால் தடையில்லாச் சான்று தேவையா என்பதையும் அஸ்திவாரம் தோண்டும் முன் கேட்க வேண்டும், பிறகல்ல!

வருமான வரி: வாடகையில் வீட்டு வரி போக மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இதற்கு பில் காட்ட வேண்டியதில்லை.

குறுக்குவழிப் பாசிட்டிவ்

நெகட்டிவ் கணக்கைப் பாசிட்டிவ் ஆக்க சிலர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். குடித்தனக்காரரைப் பிழிவது! முன்பு நாங்கள் இருந்த ஒரு வீட்டில் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினார்கள். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசாங்கம் அப்போது இலவசமாகத் தந்தது. அந்த இலவசம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவேயில்லை. காலி செய்தபோது பெயிண்ட், ஆணி அடித்த ஓட்டை என்று சொல்லி அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா அன்று பேசாமல் பாத்திரங்களை மூட்டை கட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. சண்டை வந்தாலும் தண்ணீரையும் கரன்டையும் நிறுத்தக் கூடாது. நாம் நாளைக்கு ஓனர் ஆனாலும் சரி, குடித்தனக்காரராகவே இருந்தாலும் சரி, இது தெரிந்திருக்க வேண்டும்.

பிழிவது கணக்குக்கும் ஆகாது. 6,500 வாடகையில் 500 கூட்டினால் வருஷத்துக்கு 6,000 கிடைக்கும். அதனால் குடித்தனக்காரர் காலி செய்துவிட்டால்? ஒரு மாத வாடகை 6,500 போச்சு. பெயிண்ட் 8,000 என்றால் மொத்தம் 14,500. தாத்தா சொல்வார்: "நல்ல குடித்தனக்காரன் காலி பண்ணாம இருக்கறதே ஒரு வருமானம் தம்பி."

'லீஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. மொத்தமாக 5 லட்சம் கொடுத்தால் வாடகை இல்லை, இரண்டு மூன்று வருஷம் கழித்து முழுப்பணம் திரும்பத் தருவோம் என்பார்கள். ஓனருக்கு அது வருமானமல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். குடித்தனக்காரருக்கோ ஒரு ஆபத்து உண்டு. அந்த வீட்டின் மேல் பேங்க் கடன் பாக்கி இருந்தால், 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி பேங்க் வீட்டைக் கைப்பற்ற வரும். அப்போது கொடுத்த 5 லட்சத்துக்கு யாரைத் தேடுவது? வில்லங்கச் சான்று பார்க்காமல் லீசுக்குப் போகாதீர்கள்.

அப்பா என்ன முடிவு செய்தார்?

மறுவாரம் புரோக்கர் வந்தார். அப்பா என் நோட்டை அவரிடம் நீட்டி, "பையன் கணக்குப் போட்டிருக்கான், பாருங்க" என்றார். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்படியெல்லாம் கணக்குப் பார்த்தா யாரும் வீடே வாங்க முடியாது சார்" என்றார். "அதான் வாங்கல" என்றார் அப்பா.

11 லட்சமும் டெபாசிட்டில் இருக்கிறது. 6.5 சதவீதம் என்றால் மாதம் 5,950 ரூபாய் வட்டி. எங்கள் வாடகை 6,500-இல் ஏறக்குறைய முழுவதையும் அதுவே கட்டிவிடுகிறது! வாடகை டியூ கட்டவில்லை. வட்டி வாடகை கட்டுகிறது. வாடகை ஏறும், வட்டி அப்படியே நிற்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். சொந்த வீட்டு ஆசையும் அம்மாவுக்குப் போய்விடவில்லை. குடியிருக்க ஒரு வீடு என்று வாங்கும்போது அதற்கு வேறு கணக்கு. அங்கே நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு. வருமானத்துக்கு என்று வாங்கும் வீட்டுக்கு நிம்மதி பேசக் கூடாது, நோட்டுதான் பேச வேண்டும்.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீடுகளில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வேறு ஆள் கிடையாது. நாளைக்கு உங்கள் வீட்டு வாசலிலும் அந்த வாக்கியம் வந்து நிற்கும். அப்போது சண்டை போட வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். ஒரு நோட்டை எடுங்கள். நிற்கும் வாடகையை 900-ஆல் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். முடிவை அவர்களே எடுப்பார்கள்!